காதல், ரகசியம், காலப் பயணம் மூன்றும் சரியாகக் கலந்த இளையோர் நாவல் எது?

கெர்ஸ்டின் கீர் எழுதிய 'ரூபி ரெட்' முத்தொகுதியைத்தான் சொல்வேன். ஜெர்மன் மொழியில் 'ரூபின்ரோட்' என்ற பெயரில் 2009-ல் முதல் பாகம் வந்தது. மீதி இரண்டும் 2010 முடிவதற்குள் வந்துவிட்டன. நான் படித்தது ஆந்தியா பெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சு சித்திரக்கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன இருவரில் அவரும் ஒருவர். கிண்டல் வசனங்கள் இவ்வளவு சரளமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

கதை லண்டனில் நடக்கிறது. காலம் தாண்டும் மரபணு சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. அடுத்து அது வாய்க்கப்போகும் பெண் எந்த நாளில் பிறப்பாள் என்று நியூட்டனே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாராம்! அந்த நாளில் பிறந்தவள் ஷார்லட். அதனால் வாள் வீச்சு, பழைய கால நடனம், வரலாறு என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சிமேல் பயிற்சி. மறுநாள் பிறந்த க்வென்டலின் அவளுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. இவளுக்கு ஒரு பயிற்சியும் கிடையாது. ஷார்லட் திடீரென்று மறைந்தால் அந்த இடத்தைக் குறித்துவைக்க ஒரு சாக்பீஸ், அவ்வளவுதான் இவள் பங்கு. கடைசியில் மறைவது சாக்பீஸ்காரி!

காரணம், அம்மா கிரேஸ். மகளின் பிறந்த தேதியை ஒரே ஒரு நாள் தள்ளிப் பதிவு செய்துவிட்டாள். பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல வளரட்டும் என்ற ஆசை. ஆனால் அந்தப் பாசத்தின் விலையைக் கொடுப்பது மகள்தான். பதினாறு வயதில், ஒன்றுமே தெரியாமல், பதினெட்டாம் நூற்றாண்டு ஆட்கள் முன்னால் போய் நிற்கிறாள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முதல் காதல் இதுதான். கதாநாயகன் கிடியன் அப்புறம்தான்.

கிடியனும் காலம் தாண்டுபவன்தான். எல்லாம் கற்றவன், அதற்கேற்ற திமிரும் உண்டு. முதல் பாகம் முழுக்க எனக்கு அவன்மேல் எரிச்சல். இரண்டாம் பாகத்தில் ஒரு இடம் பிரமாதம். பழைய காலத்துக்குத் தனியாகப் போன கிடியன் தலையில் அடிவாங்கித் திரும்புகிறான். அங்கே க்வென்டலினைப் பார்த்ததாகவும், அவள்தான் தன்னைச் சிக்கவைத்ததாகவும் நினைக்கிறான். அவளுக்கோ எதுவும் புரியவில்லை, ஏனென்றால் அவள் இன்னும் அங்கே போகவே இல்லை! இனிமேல் செய்யப்போகும் ஒன்றுக்காக இன்றைக்கே சந்தேகப்பட்டால் அவள் எப்படித்தான் மறுப்பாள்? சாதாரணக் காதல் கதையில் இப்படி ஒரு சண்டையை வைக்கவே முடியாது.

இன்னொன்று, தாத்தா லூகாஸ். அவர் இறந்துபோனவர். தினமும் சில மணி நேரம் கட்டாயமாகக் கடந்த காலத்துக்குப் போய்வர வேண்டிய க்வென்டலினை ஒரு பாதாள அறைக்கு அனுப்புவார்கள். 1948-ல் அங்கே இளைஞராக வந்து நிற்கிறார் தாத்தா! யாருக்கும் தெரியாமல் இருவரும் கூட்டுச் சேர்ந்து திட்டம் போடும் பக்கங்களைக் காதல் காட்சிகளைவிட நான் ரசித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. அறிமுகமான சில நாட்களுக்குள் உயிரைக் கொடுக்கும் அளவுக்குக் காதல் முற்றிவிடுவது கொஞ்சம் அதிகம்தான். க்வென்டலினின் தோழி லெஸ்லி மட்டும் இல்லாவிட்டால் நடுவில் ஓரிரு இடங்களில் புத்தகத்தை மூடிவைத்திருப்பேன்.

மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், முதல் பாகம் பாதி வழியில் விட்டதுபோல் முடியும். லூசி, பால் என்று இருவர் வருவார்கள். அவர்கள் யார் என்று இணையத்தில் தேடிவிடாதீர்கள். தேடினால் மூன்றாம் பாகத்தின் பெரிய ரகசியம் போச்சு.