கொடி பிடித்த பையனைப் பட்டாளத்தில் எடுப்பார்களா?

கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்கு,

மகன் கல்லூரியில் மாணவர் சங்கக்காரன், அவன் அப்பா தொழிற்சங்கக்காரர், இந்த வீட்டுப் பையனை அக்னிவீராக (நாலு வருஷத்துக்கு எடுக்கும் பட்டாளக்காரனாக) எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்சி அபிமானத்துக்காக யாரையும் தள்ளுவதற்கு விதி இல்லை. கவலைப்பட வேண்டியது போலீஸ் வழக்கைப் பற்றித்தான்.

மறியலுக்குப் போனானே, அவன் பெயரில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா? ‘கண்டாலறியும்’ (பார்த்தால் அடையாளம் தெரியும்) ஆட்கள் என்று பொதுவாக எழுதிய வழக்கில் பெயரைப் பிறகு சேர்ப்பதும் உண்டு. அதனால் கேரள போலீஸின் ‘துண’ தளத்தில் பாருங்கள், ஸ்டேஷனிலும் நேரில் கேளுங்கள். வழக்கு இருந்தால் படிவத்தில் மறைக்கவே கூடாது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தாலும் வேலை தருபவர் விரும்பினால் மன்னிக்கலாம் என்றது. விரும்பினால்தான்! மறைத்ததே வேலையைப் பறிக்கும் காரணமாகவும் ஆகலாம். உண்மையை எழுதிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சேர்ந்த பிறகு நிலைமை வேறு. 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி கட்சி, தொழிற்சங்க உறுப்பினராவதற்கும் அரசியல் கூட்டத்துக்குப் போவதற்கும் பத்திரிகைக்கு எழுதுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. லீவில் ஊருக்கு வந்தாலும் மே தின ஊர்வலத்தில் அப்பாவோடு நடக்க முடியாது. இதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஓட்டு மட்டும் எங்கும் போகாது. ராஜஸ்தானில் இருந்தாலும் உங்கள் ஊரின் சித்தூர் தொகுதி ஓட்டைத் தபாலில் போடலாம்.

“பட்டாளத்துக்குப் போனால் நம்ம ஆளாக இருக்க மாட்டான்” என்கிறாராம் உங்கள் வீட்டுக்காரர். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தக் கட்சி ஜெயித்தாலும் பட்டாளம் அந்த அரசுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அரசியலிலிருந்து இந்த விலகல். 1959-ல் தரைப்படைத் தளபதி திம்மய்யா, பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனோடு மோதி ராஜினாமா கொடுத்தார். நேரு பேசியதும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார், விஷயம் அதோடு முடிந்தது. பக்கத்து நாடுகளில் இப்படிப்பட்ட மோதல் ராணுவ ஆட்சியில் போய் முடிந்தது என்பது தொழிற்சங்கக்காரரான அவருக்கே தெரியும். மகன் கொள்கையை விட்டுவிடவில்லை, சீருடையில் இருக்கும்வரை அதை வாய்விட்டுப் பேச மாட்டான், அவ்வளவுதான்.

அப்புறம், நாலு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். மீதிப் பேர் வெளியே வந்து வேறு வேலை தேட வேண்டும். வயது வரம்பு இடம் கொடுத்தால் டிகிரியை முடித்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். வெளியே வந்த பிறகு சங்கத்தில் சேர்வதும் தேர்தலில் நிற்பதும் அவன் இஷ்டம்.