பங்களா குசினியிலிருந்து அந்த நாவலைப் படித்தவன் சொல்வது

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஈஸ்டன் எல்லிஸ் எழுதிய 'லெஸ் தேன் ஸீரோ' நாவலை முப்பது பக்கத்தோடு மூடிவிட்டேன். காசுக்குக் குறைவில்லாத பிள்ளைகள் எதிலும் பிடிப்பில்லாமல் திரிவதை ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நான் ஏன் படிக்க வேண்டும்?

மூடியதில் குற்றமில்லை. பிடிக்காத புத்தகத்தை மூடி வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால், 'தோட்டத்தில் வளர்ந்த நான்' என்று நீங்கள் சொல்லும் காரணம் என்னை உறுத்துகிறது. ஏனெனில் அதே காரணத்தைப் பிறர் என்மேல் சுமத்தக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நீங்கள் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்து, விரிவுரையாளர் சொன்னார் என்பதற்காக இந்த நாவலைக் கையில் எடுத்தவர் என்று ஊகிக்கிறேன். ஊகம் பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவலைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். 1985-இல் இது வெளிவந்தபோது எல்லிஸுக்கு வயது 21. பென்னிங்டன் கல்லூரியில் அப்போதும் மாணவர். இதுதான் அவருடைய முதல் நாவல். கிழக்குக் கரையில் படிக்கும் கிளே என்ற இளைஞன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் தன் வீட்டுக்கு வருகிறான், விருந்துகளுக்குப் போகிறான், போதைப்பொருள் உட்கொள்கிறான், மனநல மருத்துவரைப் பார்க்கிறான், பிரிந்து வாழும் தாயோடும் தகப்பனோடும் தனித்தனியே சாப்பிடுகிறான், விடுமுறை முடிந்ததும் திரும்பிப் போய்விடுகிறான். கதை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய அவ்வளவுதான். சிறு சிறு துண்டுகளாக, தன்மையில், நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் கண்டதைக் கிளே சொல்கிறான்; அதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை மட்டும் சொல்வதே இல்லை. உங்களுக்கு ஏற்பட்ட எரிச்சலுக்குப் பணக்காரர்களைவிட இந்த மொழிநடைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கதாசிரியர் நம் கையைப் பிடித்து நல்லவர் இன்னார், கெட்டவர் இன்னார் என்று காட்டிக்கொண்டே வரும் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் நாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்தவன். 1948 ஜூனில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்படக் காரணமாக இருந்தது எங்கள் ஊர். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான். ஆகையால் எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வரலாற்றையோ தியாகத்தையோ எழுதுவார்கள். பால்மரம் வெட்டியவர்களை, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களைப் பற்றியும் எழுதுவார்கள். அது எழுதப்பட வேண்டியதுதான். என் அம்மா பால்மரம் வெட்டவில்லை. பெரிய துரை பங்களாவில் குசினியில், அதாவது சமையலறையில், வேலை பார்த்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் அதற்கு மரியாதையும் இருந்தது, பொறாமையும் இருந்தது, பின்னால் பேசுகிற பேச்சும் இருந்தது. தோட்டப்புற இலக்கியத்தில் இப்படிப்பட்ட வேலைக்காரப் பெண்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

பெரிய துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைத்துவிடாதீர்கள். எண்பதுகளில் பல தோட்டங்களைப் போலவே எங்கள் தோட்டத்திலும் உள்நாட்டுக்காரர்தான் நிர்வாகி. அவருடைய மகன் வெளிநாட்டில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு நீண்ட விடுமுறைகளுக்கு மட்டும் வந்து போவான். ஏறக்குறைய என் வயதுதான். நண்பகல் வரை தூங்குவான் என்றும், தகப்பனும் தாயும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிட்டுத் தாம் பார்த்ததில்லை என்றும், மூன்று பேருக்கு மூன்று நேரத்தில் மூன்று விதமாகச் சமைப்பதில்தான் வேலை இரட்டிப்பாகிறது என்றும் அம்மா சொல்வார். இதையெல்லாம் குறையாகச் சொல்லமாட்டார்; அரிசி விலையைச் சொல்வதுபோலச் சொல்வார். பின்னாளில் ஈப்போவின் பழைய புத்தகக் கடையொன்றில் எல்லிஸின் நாவலை வாங்கிப் படித்தபோது, இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று முதலில் தோன்றியதற்குக் காரணம் அம்மாதான்.

அந்தப் பையன் ஒருநாள் இரவு தகப்பனுடைய காரை எடுத்துக்கொண்டு செம்மண் சாலையில் இறங்கி, காலையில் தொழிலாளர்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்து வேலியில் கொண்டுபோய் மோதினான். அடி யாருக்கும் படவில்லை. நிறுத்தி வைத்திருந்த ஒருவருடைய சைக்கிள் மட்டும் நசுங்கிப் போயிற்று. மறுநாள் காலையில் தோட்டத்துக் கணக்கர் கிராணி வந்து சைக்கிளுக்குப் பணம் கொடுத்தார். அது புது சைக்கிள் வாங்குகிற பணம், ஆகையால் சைக்கிள்காரருக்கு மகிழ்ச்சி. பங்களாவில் என்ன நடந்தது என்று லயமே அம்மாவைச் சூழ்ந்துகொண்டு கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அம்மா சொன்ன பதில். தகப்பன் அலுவலகத்துக்குப் போய்விட்டார், தாய் கோலாலம்பூருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், பையன் எழுந்து முட்டை கேட்டான். எவரும் நம்பவில்லை. அம்மா எதையோ மறைக்கிறார் என்றே முடிவு கட்டினார்கள். இருட்டிய பிறகு அரை மணி நேரம் தாமதமாக வீடு திரும்பினாலே நான்கு வாசற்படியிலிருந்து 'எங்கடா போய்ட்டு வர?' என்ற கேள்வி எழும் லயத்தில், காரை மோதியவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதை எப்படி நம்புவார்கள்?

அந்த 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதைத்தான் எல்லிஸ் 200 பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவருடைய பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். பதிலுக்கு எவரும் காத்திருப்பதில்லை. சந்தில் பிணம் கிடக்கிறது என்றால் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு எவரும் எதுவும் செய்வதில்லை. கிளேயின் சிறு வயது நண்பன் ஜூலியன் போதைப்பொருள் கடனை அடைக்கத் தன் உடலை விற்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். கிளே அங்கேயும் உடனிருந்து பார்க்கிறான். கடைசிப் பகுதியில் ரிப் என்பவன் செய்யும் ஒரு கொடுமையைக் கண்டு, உன்னிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்று கிளே கேட்கும்போது, இழப்பதற்கென்று என்னிடம் ஒன்றுமில்லையே என்று பொருள்படும்படி ரிப் பதில் சொல்கிறான். இதே பேச்சை நான் எங்கள் லயத்திலும் கேட்டிருக்கிறேன். 1985-இல் நாட்டின் பொருளாதாரம் சுருங்கி, அந்த அக்டோபரில் வெள்ளீய விலையும் விழுந்து, ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பக்கம் வெள்ளீயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட நாள்களில், வேலையிழந்து திரும்பிய இளைஞர்கள் கடைத்தெருவில் உட்கார்ந்துகொண்டு 'போறதுக்கு என்னா இருக்கு?' என்று சொல்வார்கள். அவர்கள் சொன்னபோது அதில் கோபம் இருந்தது, எங்காவது வேலை கிடைத்தால் அடங்கிவிடக்கூடிய கோபம். ரிப் சொல்லும்போது கோபம்கூட இல்லை. அந்த வேறுபாட்டைத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான் காதால் கேட்டு உணர முடியும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. நாவல் முழுவதும் கிளேயைச் சந்திக்கிறவர்கள், வெளுத்துப் போயிருக்கிறாய், கொஞ்சம் வெயிலில் படுத்துக் கறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பெரட்டுக்குப் பின்பக்கக் கடையில் முகத்தை வெளுப்பாக்கும் பசையைக் கடனுக்கு வாங்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நகைச்சுவை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வீடுகள்தாம் அந்த நாவலிலும் வருகின்றன. ஆனால் அந்த வேலைக்காரப் பெண்களுக்குப் பேச்சே கிடையாது என்று சொல்லலாம். நான் கதையைச் சுருக்கி அம்மாவிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைங்களுக்கு யார்டா சாப்பாடு போடுறது?" என்பதுதான். பெரும்பாலும் வெளியில்தான் சாப்பிடுகிறார்கள் என்றேன். "அப்ப குசினிக்காரிக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பின்பு, சமைத்தும் தொடாமல் திரும்பி வந்த தட்டுகளைப் பற்றி, அதுவரை என்னிடம் சொல்லாத பலவற்றைச் சொன்னார். அந்தத் தட்டுகளில் இருந்ததைத்தான் நாங்கள் இரவில் சாப்பிட்டோம் என்பது எனக்கு முன்பே தெரியும். அந்தப் பையன் வேண்டுமென்றே சில நாள் தொடாமல் அனுப்பியிருக்கக்கூடும் என்று அம்மா நினைத்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. உண்மையோ பொய்யோ, அறியேன். பணக்காரர்களுக்கும் இதயம் உண்டு என்று நிரூபிப்பதற்காக இதை எழுதவில்லை. சைக்கிளுக்குப் பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்த வீடு அது. நாவலில் பேசாதவளுடைய இடத்திலிருந்து நான் படித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். பெவர்லி ஹில்ஸில் பிறந்த வாசகனுக்கு அந்த இடம் கிடைக்காது.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பற்றி நான் பேசியபோது, மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர், "தம்பி, நம்ம பிள்ளைங்க கே.எஸ். மணியத்தைப் படிக்கட்டும், இது நமக்கு எதுக்கு?" என்றார். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய மலேசியத் தமிழர்; 1981-இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' அவருடைய முதல் நாவல். கெடாவின் பீடோங் வட்டாரத்தைக் களமாகக் கொண்டது. அதை நான் யாரைவிடவும் குறைவாக மதிப்பவனல்லன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொன்னேன். மணியத்தின் நாவலில் இந்தியாவிலிருந்து வந்து, சொந்தமாக ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்கி மடியும் பெரியதாய் என்ற பாட்டி இருக்கிறாள். எல்லிஸின் நாவலில், சாய்வெழுத்தில் அச்சிட்ட பகுதிகளில், பாம் ஸ்பிரிங்ஸ் வீடும் நோயுற்றிருக்கும் பாட்டியும் வருகிறார்கள். அந்தப் பகுதிகள் மட்டும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டவை. பீடோங்கிலும் சரி, கலிபோர்னியாவிலும் சரி, முதல் நாவல் எழுதிய இருவருக்கும் பாட்டியிடம் போகும்போதுதான் மொழி இளகுகிறது. பெரியவர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. முப்பது பக்கத்தில் நிறுத்தியதால் அந்தச் சாய்வெழுத்துப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஒரு மனக்குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துரை மகனை வைத்து நான் ஒரு சிறுகதை எழுதி, ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'நடை நன்று, சமுதாயத்துக்கு என்ன செய்தி?' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கதை மோசமாகவே இருந்திருக்கலாம்; அது வேறு. ஆனால் தோட்டத்துக்காரன் எழுதினால் அதில் கண்ணீரும் கடைசியில் அறிவுரையும் இருந்தே தீர வேண்டும் என்பது எந்தச் சட்டம்? ஹாலிவுட்டும் இதைத்தான் செய்தது. 1987-இல் இந்த நாவலைப் படமாக எடுத்தவர்கள் கிளேயைப் போதை தொடாத நல்ல பிள்ளையாக்கி, ஜூலியனைச் சாகடித்து, போதைப்பொருள் எதிர்ப்புப் பிரசாரம் ஆக்கிவிட்டார்கள். நாவலில் ஜூலியன் சாவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் வாதாடி நான் நிறைய நேரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

கிளே ஏன் ஒன்றும் செய்யவில்லை, இது கோழைத்தனத்துக்கு வக்காலத்து இல்லையா என்று சிலர் இந்தப் பதிலுக்குக் கீழே கேட்கக்கூடும். நாவல் அவனை மன்னிக்கவில்லை என்றே நான் படித்தேன், தண்டிக்கவும் இல்லை. அதற்கு மேல் அதிலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை. பெண்கள் அதில் சரியாக எழுதப்படவில்லை என்பாரும் உண்டு. கிளேயின் காதலி பிளேரை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது.

மீண்டும் எடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை மட்டும்: பின்பாதியில் ஒரு சிறுமிக்கு இழைக்கப்படும் கொடுமை வருகிறது. நான் ஆசிரியனாக இருந்தவன்; அந்தப் பக்கத்தை ஒரு முறைதான் படித்தேன், மீள்வாசிப்புகளில் தாண்டிவிடுகிறேன். நீங்கள் முதல் வாசிப்பிலேயே தாண்டினாலும் கதை அறுந்துவிடாது. 2010-இல் எல்லிஸ் இதற்குத் தொடர்ச்சியாக 'இம்பீரியல் பெட்ரூம்ஸ்' என்ற நாவலை எழுதினார். முதல் புத்தகத்தை எழுதியவன் எங்களுக்குத் தெரிந்த ஒருவன்தான் என்று வளர்ந்துவிட்ட கிளே அதில் சொல்லத் தொடங்குகிறான். தொடக்கம் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. மீதியைப் படிக்கச் சொல்லி உங்களை நான் வற்புறுத்தமாட்டேன்.