கடலில் விட்டால் கரைந்துபோகுமா?

கேள்வி: புகுஷிமா அணு உலைத் தண்ணீரை ஜப்பான் கடலில் விடுகிறதே. "கடலுக்குள் போனால் எல்லாம் கரைந்துவிடும், பயப்படாதே" என்கிறார் மச்சான். "இனி வீட்டில் மீனே வேண்டாம்" என்கிறார் மனைவி. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: மீனை விட்டுவிடாதீர்கள். மச்சான் சொல்வதையும் முள் பார்க்காமல் விழுங்காதீர்கள். 'கழிவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உள்ளே இருப்பது பல சாமான். எவ்வளவு என்பதற்கு முன்னால் என்ன வடிவில் என்று கேட்க வேண்டும்.

மாரி காலத்தில் கொட்டியாரக் குடாப் பக்கம் போயிருப்பீர்கள். மகாவலி கலங்கலாக வந்து விழும். உப்புத் தண்ணீர் பட்டதும் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் இறங்கும். ஆற்றுத் தண்ணீர் கடலோடு போய்விடும், சேறு குடாவிலேயே கிடக்கும். கதிரியக்கக் கழிவிலும் போவதும் உண்டு, கிடப்பதும் உண்டு.

புகுஷிமாவில் 2023 ஆகஸ்ட் 24 முதல் விடுவதில் முக்கியமானது திரித்தியம். அது ஐதரசனின் கதிரியக்க வகை. தண்ணீரில் கரைந்திருக்கவில்லை, தண்ணீராகவே இருக்கிறது. அதனால்தான் அதை வடிகட்டிப் பிரிக்க முடிவதில்லை. அது படியவும் படியாது. மற்றவற்றைப் பெரும்பாலும் வடித்தெடுத்துவிட்டு, திரித்தியம் லீற்றருக்கு 1,500 பெக்கரலுக்குக் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே வரும்வரை கடல்நீர் கலந்து விடுகிறார்கள். குடிதண்ணீருக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. சரி, இந்த இடத்தில் மச்சானுக்கு ஒரு புள்ளி.

அதோடு அவர் நிறுத்தியிருக்க வேண்டும். 2011 விபத்தில் அதே உலைகளிலிருந்து கடலுக்குப் போன சீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் வேறு ரகம். உப்புப் போலக் கரைகிறது, உண்மைதான். ஆனால் மீனின் உடல் அதைப் பொட்டாசியம் என்று நினைத்துத் தசையில் சேர்த்துக்கொள்ளும். கரைந்தது வேறு, காணாமல் போனது வேறு.

இங்கிலாந்தின் செல்லாஃபீல்ட் அணு ஆலை 1950களிலிருந்து ஐரிஷ் கடலில் விட்டதைப் பாருங்கள். சீசியம் நீரோட்டத்தைப் பிடித்து ஸ்கொட்லாந்தைச் சுற்றி வடகடலுக்கே போனது. புளூட்டோனியம் என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமத்தில் பெரும்பங்கு பக்கத்துச் சேற்றில் ஒட்டிக்கொண்டது. அதன் 239ஆம் வகைக்கு அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 24,000 ஆண்டு. ஆலை விடுவதைக் குறைத்த பிறகும் அந்தச் சேறு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதில் ஒரு குசும்பும் உண்டு: இலத்திரனைக் குறைவாக இழந்த புளூட்டோனியம் துகளில் ஒட்டும், கூடுதலாக இழந்தது தண்ணீரோடு நழுவும். பெயர் ஒன்றுதான்! ருத்தேனியம் என்ற மற்றொரு கதிரியக்கத் தனிமமோ தென் வேல்சில் மக்கள் சமைத்துச் சாப்பிடும் கடற்பாசியில் ஏறியது. கண்காணித்தவர்களுக்கு மீன் மட்டும் போதவில்லை, பாசியின் பின்னாலும் ஓட வேண்டியிருந்தது.

ஆகவே மச்சான் அடுத்தமுறை "கரைந்துவிடும்" என்றால், "எது?" என்று மட்டும் கேளுங்கள்.

மனைவிக்கு ஒரு செய்தி. புகுஷிமா என்ற பெயரே நம் காதில் விழாத காலத்திலும் கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 12 பெக்கரல் அளவுக்கு இயற்கையான கதிரியக்கப் பொட்டாசியம்-40 இருந்தது. அவருடைய அம்மா வைத்த பாரைக் குழம்பும் அந்தக் கடல் மீனில் வைத்ததுதான்.