எல்லா எறும்பும் பகையா?

கேள்வி: கொய்யா மரங்களில் மாவுப்பூச்சியும் எறும்பும் சேர்ந்தே இருக்கின்றன. தூள் மருந்து போட்டால் எறும்பு மறைந்து, கொஞ்ச நாளில் முன்னைவிட அதிகமாக வருகிறது. எல்லா எறும்பும் கெடுதல்தானா? எங்கள் உழவர் குழுவுக்கு இதை எப்படிக் காட்டிப் புரியவைப்பது?

பதில்: பெயரிடப்பட்ட எறும்பு இனங்கள் உலகில் 14,000-க்கு மேல். உங்கள் தோப்பில் பல இனங்கள் இருக்கும். தொல்லை தருவது பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். தூள் மருந்து வெளியே திரியும் வேலைக்கார எறும்பைக் கொல்லும். புற்றுக்குள் ராணி பிழைத்துக்கொள்ளும். போட்டிக்கு இருந்த மற்ற எறும்புகளும் செத்துவிட்டால், பல ராணிகளோடு வேகமாகப் பெருகும் இனம் காலி இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு.

பத்து பிளாஸ்டிக் டம்ளர்களை 10 மீட்டருக்கு ஒன்றாகப் புதையுங்கள். விளிம்பு மண்மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சற்று உயர்ந்தாலும் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். புதைத்ததும் மூடி வையுங்கள். கிளறிய மண்ணுக்கு எறும்பு கூடுதலாக வரும், கணக்கு பொய்த்துவிடும். நாலைந்து நாள் கழித்துத் திறந்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்புக் கரைசலும் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் சிறிய எறும்புகள் மிதந்து தப்பிக்கும். 48 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். மரத்திலேயே வாழும் எறும்பு இதில் அதிகம் சிக்காது. அதற்குக் கிளைக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் இடுப்பைப் பாருங்கள். இடுப்பே ஒடுங்காமல், உணர்கொம்பும் மடங்காமல் இருந்தால் அது கரையான். இடுப்பில் இரண்டு கணு (முடிச்சுபோன்ற புடைப்பு), செந்நிறம், சுரீரென்று கொட்டும், உணர்கொம்பின் கடைசி இரண்டு துண்டுகள் தடித்திருக்கும் என்றால் நெருப்பெறும்பாக இருக்கலாம். ஒரே கணு, 4-5 மி.மீ. மஞ்சள் உடல், நீண்ட கால்கள், தொட்டால் தாறுமாறாக ஓட்டம் என்றால் மஞ்சள் பைத்தியக்கார எறும்பாக இருக்கலாம். கொட்டாது, அமிலம் பீய்ச்சும். மாவுப்பூச்சி மரச்சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக அதைக் காவல் காக்கும். மாவுப்பூச்சியை அழிக்கும் பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டும்.

இலை தைத்துக் கூடு கட்டும் முசுறு பல பூச்சிகளை வேட்டையாடும். சீனாவில் நாரத்தை இன மரங்களைக் காக்க இதைப் பயன்படுத்தியது கி.பி. 304-லேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் அதுவும் மாவுப்பூச்சியைப் பேணும், பறிப்பவரைக் கடிக்கும். மாவுப்பூச்சி மிகுந்த மரத்தில் அதை விட்டுவைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

எறும்பு மரமேறும் வழிகளை அடைக்க, தரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். அடிமரத்தில் துணி சுற்றி, அதன்மேல் பசை தடவுங்கள். பட்டையில் நேரடியாக வேண்டாம், வெந்துவிடும். ஒரு களை மரத்தில் சாய்ந்திருந்தாலும் அதுவே பாலம். பிறகு 1 லிட்டர் தண்ணீர், 250 கிராம் சர்க்கரை, 10 கிராம் போரிக் அமிலம் கலந்து, சிறு துளையிட்ட மூடிப் புட்டிகளில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். போரிக் அமிலத்தைக் கூட்டினால் கூட்டுக்குக் கொண்டுபோய்ப் பகிரும் முன்பே எறும்பு செத்துவிடும். மண்ணில் ஊற்றாதீர்கள், செடிக்கு நஞ்சு.

குழுவுக்குக் காட்ட, வெள்ளை அட்டையில் சர்க்கரைநீர்ப் பஞ்சையும் கருவாட்டுத் தூளையும் வைத்து ஒரு மணி நேரம் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் வரும் எறும்பு வேறு, கடைசியில் அட்டையைக் கைப்பற்றுவது வேறாக இருக்கலாம். மாதிரிகளை 70 சதவீத எத்தனாலில் போட்டு, நாளும் இடமும் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே இடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.