எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றல்ல

வணக்கம். மாதிரித் தேர்வுகளில் எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்றே குறித்துவிடுவதாகவும், வளரறி (கற்பித்தலை மேம்படுத்த), தொகுத்தறி (கற்றதை முடிவாக அளவிட) மதிப்பீடுகளும் குழப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதல் குழப்பத்துக்குக் காரணம் ‘எதிர்மறை’ என்ற சொல்தான். அதைக் ‘கெட்டது’ என்று படித்துவிடுகிறோம். நடத்தையை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரின் கோட்பாட்டில் அது வெறும் கழித்தல் குறி: ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது, அவ்வளவே. வலுவூட்டல் என்றால் நடத்தை கூடும், தண்டனை என்றால் குறையும். ஆகவே, நடத்தை கூடியதா குறைந்ததா என்று முதலில் பாருங்கள். சேர்த்தார்களா நீக்கினார்களா என்பது அப்புறம்.

பயிற்சியை வகுப்பிலேயே முடித்தவளுக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்கிறார் ஆசிரியர். மறுநாளும் அவள் முடிக்கிறாள். இது எதிர்மறை வலுவூட்டல். சத்தம் போட்டவனின் விளையாட்டு நேரத்தைப் பறிக்கிறார், சத்தம் குறைகிறது. இங்கும் நீக்கம்தான், ஆனால் தண்டனை. சரி, திட்டத் திட்ட ஒருவனின் சேட்டை கூடினால்? கவனம் கிடைப்பதால் அந்தத் திட்டே அவனுக்கு வலுவூட்டல். தேர்வுக்கு மட்டுமல்ல, நாளை ஆசிரியராக வகுப்பில் நிற்கும்போதும் இதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது குழப்பமான மதிப்பீட்டில், வினாத்தாளின் வடிவத்தைப் பார்க்காதீர்கள். 1967-இல் மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் வளரறி, தொகுத்தறி என்ற இரண்டையும் பிரித்தது பயன்பாட்டை வைத்துத்தான். அதே பத்து வினாக்களின் விடையைப் பார்த்து நாளைய பாடத்தை மாற்றினால் வளரறி. மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் எழுதி முடித்தால் தொகுத்தறி.

இன்னும் தடுமாறும் வினா இருந்தால் அப்படியே இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.