சென்னை ராணுவச் சிப்பாய்க்கு வண்ணம் தீட்டுதல்: கேள்வி பதில்

மேசையில் அணிவகுத்துப் போர் விளையாடும் 28 மி.மீ. சிப்பாய் உருவங்கள். 1780 முதல் 1806 வரை, கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) சென்னை ராணுவம், எதிரில் மைசூர்ப் படை. இதற்குள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சிவப்புக் கோட்டின் மேடுகளில் வெளிர் நிறம் பூசி வெளிச்சம் காட்டினால் ரோஸ் ஆகிவிடுகிறதே?

வெள்ளை கலக்கிறீர்கள், அதுதான் காரணம். கொஞ்சம் ஆரஞ்சு கலந்து பாருங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு போதும். அப்புறம், எல்லாக் கோட்டும் ஒரே சிவப்பு இல்லை. சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம். செங்கல் போல மங்கலாக இருக்கும். அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சியின் சாயம், பளீரென்று இருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவிலிருந்து தீட்டினால் அணிவரிசையில் அதிகாரி எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

காற்றில் ஈரம். மழை நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பளபள வார்னிஷை பிரஷ்ஷால் ஒரு பூச்சு பூசுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிப்பாயின் முகத்துக்கு என்ன நிறம்?

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். பலரும் வெள்ளைக்காரனைத் தீட்டுவது போலவே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் முகத்தில் ஒரு பழுப்பை அப்பிவிடுகிறார்கள். முகத்தில் தொடங்குங்கள். செம்மை கலந்த அடர் பழுப்பு அடிப்பூச்சு. மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, விரல் முட்டிகளில் காவி மஞ்சள் கலந்து ஏற்றுங்கள். வெள்ளை கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். பத்துப் பேர் இருந்தால் மூன்று நான்கு கலவையாவது வைத்துக்கொள்ளுங்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்த படை அது.

கால்களை மறக்க வேண்டாம். இவர்கள் அணிந்தது வெள்ளை அரை நிக்கர், ஓரத்தில் பல் வரிசை போன்ற நீலக் கூர்முனைக் கோலம். தொடைக்குக் கீழே வெறுங்கால், செருப்பு. முட்டியில் ஒரு புள்ளி வெளிச்சம் வைத்தால் உருவமே உயிர் பெறும். தலைப்பாகைக்குக் கீழே நெற்றி ஒரு கீற்றுதான் தெரியும். நீர்த்த வெள்ளையில் ஒரே கிடைக்கோடு இழுத்தால் அது திருநீறு. நாமத்துக்கு இடம் போதாது, முயல வேண்டாம்.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினிக்குக் கூலிக்குப் போன துரோகிகள் இவர்கள். இவர்களுக்கு இவ்வளவு அக்கறையா?

ஆமாம், அக்கறைதான். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிரே நின்ற படையில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஏழு ஆண்டு கழித்து, 1806 ஜூலை 10 விடியுமுன், வேலூர்க் கோட்டையில் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தவர்களும் இதே சிவப்புக் கோட்டுக்காரர்கள்தான். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோலில் செய்த சின்னம் வைத்த புதுத் தலைப்பாகைதான் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அன்று கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே வார்த்தையில் துரோகி என்று சொல்லி முடித்துவிட முடியாது.

கிளர்ந்தது ஒரு நாள், கூலி வாங்கியது ஐம்பது ஆண்டு. சரியா?

கணக்கு சரி. இரண்டையும் தீட்டுங்கள் என்கிறேன். திப்புவின் படையை மட்டும் வாங்கி அடுக்கினால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர்கள் யாரோடு மோதினார்கள் என்று மேசையில் எப்படிக் காட்டுவீர்கள்?

அப்படியானால் வேலூர்ச் சிப்பாய்க்குப் புதுத் தலைப்பாகை வைக்கலாமா?

எதை எதிர்த்து எழுந்தானோ அதையே அவன் தலையில் வைக்க எனக்கு மனமில்லை. விடியுமுன் எழுந்தவர்கள், சிலரை வெறுந்தலையோடு, கோட்டு இல்லாமல் தீட்டுங்கள். எதிரில் வெள்ளைக்காரர்களின் 69-ஆம் ரெஜிமெண்ட். காலரும் கைப்பட்டியும் பச்சை.

வார்னிஷ் வெள்ளையாகிவிட்டது, என்ன செய்வது?

மேலே சொல்லிவிட்டேன். மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம்.

திப்புவின் புலிவரிச் சட்டை?

ஊதா அடிப்பூச்சு, மேலே வெண்மை. வரிக்குதிரைக் கோடு போல நீளமாக இழுத்துவிடாதீர்கள். நடுவில் தடித்து இரு முனையிலும் கூர்ந்த சிறு கீற்றுகள், வரிசை மாற்றி வரிசை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் சமாதியான கும்பஸின் உட்சுவரில் இந்தப் புலிவரியைப் பார்க்கலாம். தரியா தௌலத் மாளிகையில் 1780 பொள்ளிலூர்ப் போர்ச் சுவரோவியம் இருக்கிறது. படையின் நிற்பும் அசைவும் அங்கே கற்கலாம். நிறத்துக்கு மட்டும் முழுக்க நம்ப வேண்டாம், பின்னாளில் மறுபடி தீட்டப்பட்டது.

1857 வங்காளச் சிப்பாய்?

வேறு ராணுவம், வேறு உடை. அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

பிரஷ் முனையை நாக்கால் கூராக்கலாமா?

கூடாது. சில பெயிண்டில் காட்மியம் உண்டு, பழைய உலோக உருவங்களில் ஈயம் உண்டு. ஈரத் துணியில் உருட்டுங்கள்.

பிரைமர் ஸ்ப்ரே இன்று அடிக்கலாமா? வெளியே தூறல்தான்.

வேண்டாம். பிரஷ்ஷால் பூசுங்கள்.