பையோடு வாழ்பவர்களின் கூட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இலியோஸ்டமியோடு, அதாவது சிறுகுடலை வயிற்றின் வழியாக வெளியே திறந்து பை ஒட்டிக்கொண்டு, வாழ்வதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் மனைவிதான் எனக்கு அனுப்பினார். நீங்கள் ஒரு குழுவுக்குப் போவதாக அதில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியர். வயது 46. மலக்குடலில் புற்றுநோய் வந்து, ஆசனவாயை மூடி, இடப்பக்கம் பெருங்குடலை வயிற்றின் வழியாக வெளியே திறந்து, நிரந்தரமாகக் கொலோஸ்டமி வைத்துவிட்டார்கள். சிகிச்சை எல்லாம் முடிந்தது, இனி பயமில்லை என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும்போது என் வயிற்றிலிருந்து சத்தம் வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது. அடக்கவும் வழியில்லை.

மருத்துவமனைச் செவிலியர், மாதம் ஒருமுறை கூடும் ஒரு குழுவைச் சொன்னார். போய்த்தான் பாருங்களேன் என்கிறார் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னைப் போலவே இருக்கும் பத்துப் பேரைப் பார்த்தால் இருக்கிற தைரியமும் போய்விடாதா? மலத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் உட்கார்ந்து எப்படிப் பேசுவது? தகவல்தான் வேண்டுமென்றால் இணையத்தில் இல்லாததா? வீட்டில்கூட நான் இப்போது தனி அறையில்தான் படுக்கிறேன். இதற்கெல்லாம் ஒரு கூட்டம் என்ன செய்துவிட முடியும்? உண்மையிலேயே கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் வகுப்பறையைப் பற்றிப் பேசிவிடலாம். குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் அதற்குள்தான் இருக்கிறது.

இரிகேஷன் பற்றி யாராவது உங்களிடம் சொன்னார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் கேட்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்டோமா, அதாவது வயிற்றில் வைத்திருக்கும் அந்தத் திறப்பு, வழியாகப் பெருங்குடலுக்குள் மெல்ல விடுவதுதான் அது. தண்ணீர்ப் பை, குழாய், நுனியில் மிருதுவான கூம்பு என்று அதற்கென்றே ஒரு செட் இருக்கிறது. தண்ணீர் போனதும் குடல் சுருங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ளிவிடும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதே நேரத்தில் செய்துவந்தால் சில வாரங்களில் குடல் பழகிக்கொள்ளும். பழகிய பிறகு பலருக்கு அடுத்த 24 மணி நேரத்துக்கு ஒன்றும் வருவதில்லை. சிலருக்கு 48 மணி நேரம் வரைக்கும்கூட. காற்றுத் தொல்லையும் நன்றாகவே குறையும். பெரிய பையை விட்டுவிட்டு ஒரு சின்ன மூடியை மட்டும் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இது ஆகாது. ஸ்டோமா பெருங்குடலின் இடப்பக்கத்தில், கடைசிப் பகுதியில் இருக்க வேண்டும். ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் இருந்தாலோ, ஸ்டோமா வெளியே சரிந்திருந்தாலோ செய்யக்கூடாது. அடிவயிற்றில் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் யோசித்துத்தான் சரி என்பார்கள். உங்கள் சர்ஜன் சம்மதிக்க வேண்டும், முதல் சில தடவை ஸ்டோமா செவிலியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கேட்டுப் பார்க்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

எனக்கு இது உதவாது. என்னுடையது சிறுகுடல், அதற்கு இந்த வழி கிடையாது. ஆனாலும் இவ்வளவு தெரிந்திருக்கிறது என்றால், எங்கள் குழுவில் நாள் முழுக்க வண்டி ஓட்டும் ஒருவர் இருக்கிறார், அவரால்தான். தண்ணீர்ப் பையின் அடிப்பக்கம் தோள் உயரத்துக்கு வருகிற மாதிரி ஆணி அடித்து மாட்டியிருப்பதை அவர் கையைத் தூக்கிக் காட்டினார். வேகமாக விட்டால் வயிறு இழுத்துப் பிடிக்கும், உடனே குழாயை அடைத்துவிட்டு, இழுப்பு அடங்கியதும் திரும்ப விட வேண்டும் என்று விரலால் கிள்ளிக் காட்டினார். உங்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. நோயை அறுத்து எடுத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆனால் 40 பிள்ளைகள் முன்னால் நிற்பதைப் பற்றி அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. அதை யோசித்தாக வேண்டியவர், பையோடு வேலைக்குப் போகிறவர்தான்.

சரி, இரிகேஷன் ஆகாது என்றே சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி இருக்கிறது. சத்தம் வரப்போகிறது என்று தோன்றும்போது முன்கையை ஸ்டோமாவின் மேல் வைத்து இலேசாக அழுத்தினால் சத்தம் அமுங்கிவிடும். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஃபில்டர் உள்ள பையானால் காற்று நாற்றமில்லாமல் வெளியேறும். இவற்றையெல்லாம் எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஒருவர் எழுந்து நின்று செய்து காட்டினார், பார்த்துக்கொண்டேன்.

அடுத்து உங்கள் பயம். உங்களைப் போன்ற பத்துப் பேரைப் பார்த்தால் மனம் உடைந்துவிடும் என்கிறீர்கள். அறைக்குள் போனதும் நீங்கள் முதலில் கவனிக்கப்போவது, யாருக்குப் பை இருக்கிறது, யார் துணைக்கு வந்தவர் என்று கண்டுபிடிக்க முடியாமல் இருப்பதைத்தான். எல்லோரும் உடுத்திக்கொண்டு, கிளம்பி, எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாற்றம் இருக்காது. உங்களைப் பார்க்கிறவர்களுக்கும் நீங்கள் அப்படித்தான் தெரிவீர்கள். இத்தனை மாதமும் எல்லோர் கண்ணும் தன் வயிற்றின் மேல்தான் என்று நினைத்துக் கூசிக்கொண்டிருந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

மலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமா என்றால், ஆமாம், அங்கே அதைத்தான் பேசுவார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இலியோஸ்டமி செய்து இரண்டு மாதமான ஒரு பையன் வந்திருந்தான். பை நிற்கவே மாட்டேன் என்கிறது, தோல் எரிகிறது என்று தலையைக் குனிந்தபடி சொன்னான். பல வருடமாக ஸ்டோமாவோடு இருக்கும் ஒரு அம்மா, “ஓட்டையை எந்த அளவுக்கு வெட்டுகிறாய், தம்பி?” என்று கேட்டார். மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய அட்டையை வைத்துத்தான் என்றான். அப்புறம் அளந்து பார்த்தாயா? இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும்; ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சுருங்கும். இவன் பழைய அளவிலேயே பேஸ் பிளேட்டை, அதாவது பையைத் தோலோடு ஒட்டும் பட்டையை, வெட்டிக்கொண்டிருக்கிறான். ஸ்டோமாவுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஒரு வளையம் போலத் தோல் திறந்து கிடக்கிறது. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் கலந்திருக்கும், தோலையே அரித்துவிடும். புண்ணான தோலில் பிளேட் ஒட்டாது. ஒட்டாததால் கசியும், கசிவதால் இன்னும் புண்ணாகும்.

அந்த அம்மா தன் கைப்பையிலிருந்து அளவு அட்டையையும் வளைந்த கத்தரியையும் எடுத்தார். இருவரும் மறைவாகப் போய் அளந்தார்கள். ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவனையே வெட்டவைத்தார். வெட்டியதன் உள்விளிம்பை விரலால் தேய்த்து மழுக்கச் சொன்னார், இல்லையென்றால் குடலில் உரசும். ஒட்டிய பிறகு உள்ளங்கையை மேலே வைத்துக் கொஞ்ச நேரம் சூடுகொடுக்கச் சொன்னார். கடைசியில், “நாளைக்கே ஸ்டோமா நர்ஸைப் பார், நான் சொன்னேன் என்று விட்டுவிடாதே” என்றார். இதுதான் அங்கே மலத்தைப் பற்றிப் பேசுவது.

இணையத்தில் இல்லாததா என்று கேட்டீர்கள். அளவைச் சரிபார்க்க வேண்டும் என்று இணையத்திலும் இருக்கும். அந்தப் பையனும் படித்திருப்பான். ஆனால் தன் பிரச்சினை அதுதான் என்று அவனுக்குத் தெரியாதே. எதைத் தேடுவான்? உங்கள் வயிற்றின் மடிப்பை, நீங்கள் உட்கார்ந்தால் பிளேட் எங்கே தூக்குகிறது என்பதை ஒருவர் நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இந்தக் குழுக்கள் எப்படித் தொடங்கின என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இவை பொழுதுபோகாதவர்கள் கூடிப் புலம்பத் தொடங்கியவை அல்ல. 1951இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தமக்குள் ஒரு குழு அமைத்துக்கொண்டார்கள். கியூ, டி என்பவை அவர்கள் படுத்திருந்த வார்டுகள். அதையே குழுவுக்குப் பெயராகவும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஒழுங்கான பையே கிடையாது. ரப்பரும் உலோகமும் பெல்ட்டுமாகத் தாங்களே எதையோ கட்டிக்கொண்டு, எது நிற்கிறது, எது கசிகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று நாம் ஒட்டிக்கொள்ளும் பைக்கு வழிகாட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த எலிசா சோரன்சன் என்ற செவிலியர். அவருடைய தங்கை தோராவுக்கு ஸ்டோமா வைத்திருந்தார்கள். கசிந்துவிடும் என்று பயந்து தோரா வெளியே போவதையே விட்டுவிட்டார். தங்கைக்காக 1954இல் எலிசாவுக்குத் தோன்றியதுதான், தோலில் நேரடியாக ஒட்டி, பிறகு தூக்கி எறிந்துவிடக்கூடிய பை. அமெரிக்காவில் நார்மா கில்லுக்குப் பெருங்குடல் அழற்சியால் இலியோஸ்டமி ஆனது. தான் பட்டதை வைத்து மற்ற நோயாளிகளுக்கு உதவிக்கொண்டிருந்த அவரை, 1958இல் அவருடைய சர்ஜன் ரூபர்ட் டர்ன்புல்லே கிளீவ்லாந்து கிளினிக்கில் வேலைக்கு அமர்த்தினார். ஸ்டோமா சிகிச்சையாளர் என்ற பணியே அங்கிருந்துதான் தொடங்கியது. உங்களிடம் குழுவைப் பற்றிச் சொன்ன செவிலியரின் படிப்புக்கு முன்னோடி ஒரு நோயாளிதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

குழுவில் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. கொலோஸ்டமிக்காரருக்குச் சொல்வது இலியோஸ்டமிக்காரருக்கு நேர்மாறாகப் போகலாம். உங்களுக்கு மலச்சிக்கல் வரும், நார்ச்சத்தைக் கூட்டச் சொல்வார்கள். நான் அப்படிச் செய்தால் அடைத்துக்கொள்ளும். எனக்குப் பெரிய கவலை உடம்பில் நீரும் உப்பும் வற்றிவிடுவது. சிறுநீர் வெளியேறத் திறப்பு வைத்த யூரோஸ்டமி உள்ளவர்களின் கவலை முற்றிலும் வேறு. ஆகவே யார் பேசினாலும் அவருக்கு எந்த ஆபரேஷன் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்று என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஸ்டோமா கருத்தாலோ, நிற்காமல் இரத்தம் வந்தாலோ, ஒன்றுமே வெளியேறாமல் வயிறு முறுக்கி வாந்தி வந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், குழுவில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் குழுக்களும், பை விற்பவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் குழுக்களும் இருக்கின்றன. இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தும் அப்படித்தான் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் வயதில், இதே ஆபரேஷன் ஆன ஒருவரோடு மட்டும் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் அந்த மனிதரின் சம்மதத்தைக் கேட்டு ஏற்பாடு செய்வார். இரண்டு பேர் போதும்.

தனி அறையில் படுப்பதாகக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். நான் கடக்க முடியாது. மலக்குடலை எடுக்கும்போது, ஆண்மைக்குக் காரணமான நரம்புகளுக்கும் பாதிப்பு வரலாம். உங்களுக்கு அப்படி இருந்தால் அது மனப்பிரமை அல்ல, அதற்கு மருத்துவம் இருக்கிறது. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை, பை இருப்பதுதான் கூச்சம் என்றால், முன்னதாகவே காலி செய்துவிட்டுச் சின்னப் பை மாட்டிக்கொள்ளலாம், துணி உறை போட்டுக்கொள்ளலாம். இதையெல்லாம் வட்டமாக உட்கார்ந்து யாரும் பேசமாட்டார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒருவர் இன்னொருவரிடம் தணிந்த குரலில் கேட்பார். அங்கே நான் கேட்ட மிக நல்ல பேச்சுகளில் சில அப்படிப் படியில் நடந்தவை.

உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் தனி அறைக்குப் போனதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அருவருப்பு அவருக்கு என்று நீங்கள் நினைக்கலாம், வெறுப்பு உங்களுக்கு என்று அவர் நினைக்கலாம். அங்கே வரும் கணவன்மார்களும் மனைவிமார்களும் ஒரு பக்கமாக உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். எனக்காக வந்த என் மனைவி, இப்போது நான் போக முடியாத மாதங்களிலும் போகிறார்.

முதல் தடவை ஒன்றும் பேச வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும், அதுகூடக் கட்டாயமில்லை. கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், மாற்றுப் பை ஒரு செட் கையில் இருக்கட்டும். கழிப்பறைக்கு எழுந்து போனால் அந்த அறையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பள்ளி திறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. இரிகேஷன் பழகச் சில வாரம் ஆகும். ஆகவே கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள். ஸ்டோமா பெருங்குடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு போங்கள், கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தையும் சேர்த்து.

அன்புடன்